பழைய ஸ்டீரியோவுக்கு யுனிவர்சல் ரிமோட்: கோட் நம்பர் தேடுவதற்கு முன்னால்

கேள்வி இதுதான்: தொண்ணூறுகளில் வாங்கிய மராண்ட்ஸ் ஆம்ப்ளிஃபயர், அதே காலத்து சிடி பிளேயர், கேசட் டெக் மூன்றும் இன்னும் அருமையாகப் பாடுகின்றன. ஆம்பின் ரிமோட் எங்கோ போய்விட்டது, சிடி பிளேயர் ரிமோட்டில் பாதிப் பட்டன்கள் வேலை செய்வதில்லை. யுனிவர்சல் ரிமோட் ஒன்று வாங்கி, கூட வந்த தாளில் இருக்கும் கோட் நம்பர்களை ஒன்றுவிடாமல் போட்டுப் பார்த்தாயிற்று, எதுவும் அசையவில்லை. ரிமோட் மோசமா, ஆம்ப் மோசமா?

பெரும்பாலும் இரண்டும் இல்லை, அந்தத் தாள்தான் மோசம். சாதாரண யுனிவர்சல் ரிமோட்டுகள் டிவி, செட்டாப் பாக்ஸ், டிவிடி பிளேயர் இவற்றை மனதில் வைத்துச் செய்யப்படுபவை. ஆடியோ என்று ஒரு பட்டன் இருக்கும், ஆனால் உள்ளே பதிந்திருப்பது பிற்காலத்து ஹோம் தியேட்டர்களும் சவுண்ட்பார்களும்தான். முப்பது வருடத்துக்கு முந்தைய ஆம்ப் அதில் இருந்தால் அதிர்ஷ்டம். அதனால் நம்பர் தேடுவதைக் கொஞ்சம் நிறுத்திவிட்டு, உங்கள் பெட்டிகளுக்கு என்ன காது கேட்கும், எந்த வழியாகக் கேட்கும் என்பதை முதலில் பாருங்கள். அது தெரிந்துவிட்டால் மீதி வேலை சின்ன வேலை.

முன்பக்கத்தில் கருஞ்சிவப்பாகவோ கறுப்பாகவோ ஒரு சின்ன ஜன்னல் இருக்கிறதா என்று பாருங்கள். அதுதான் சென்சார். இருந்தால் பாதி நிம்மதி. இப்போது பெட்டியைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள், ஏனென்றால் பழைய ஸ்டீரியோவில் ஆளைச் சுற்றவிடும் சமாசாரமே அங்கேதான் இருக்கிறது. மராண்ட்ஸ் பெட்டிகள் பலவற்றில் 'ரிமோட் கண்ட்ரோல் இன்', 'அவுட்' என்று ஒரு ஜோடி ஜாக் இருக்கும், பக்கத்திலேயே இன்டர்னல், எக்ஸ்டர்னல் என்று நகரும் ஒரு குட்டி சுவிட்ச். அது எக்ஸ்டர்னலில் இருந்தால் முன்பக்கச் சென்சாரை அந்தப் பெட்டி கண்டுகொள்ளாது, வயர் வழியாக வருவதை மட்டும்தான் கேட்கும். முன்பு எல்லாவற்றையும் சேர்த்து வயர் போட்டு வைத்திருந்தவர்கள் பிரித்து எடுக்கும்போது இந்தச் சுவிட்சை அப்படியே விட்டுவிடுவார்கள். அதற்கப்புறம் எந்த ரிமோட்டைக் காட்டினாலும் அது செவிடுதான். பயனியரில் சுவிட்ச் கிடையாது, ஆனால் கண்ட்ரோல் இன் ஜாக்கில் வயர் செருகியிருந்தாலே அந்தப் பெட்டியின் சொந்தச் சென்சார் தானாக அணைந்துவிடும். ஆன்கியோவில் 'ஆர்ஐ' என்ற 3.5 மில்லிமீட்டர் ஜாக். அந்தக் காலத்து கேசட் டெக், டியூனர் சிலவற்றில் சென்சாரே வைக்கமாட்டார்கள். ரிமோட் சிக்னலை ஆம்ப் பிடித்து வயர் வழியாக அனுப்பினால்தான் அவற்றுக்குச் சேதி போய்ச் சேரும். அப்படிப்பட்ட டெக்கின் முன்னால் நின்று ரிமோட்டை எவ்வளவு அமுக்கினாலும் பயனில்லை, ஆம்பைப் பார்த்துத்தான் அமுக்க வேண்டும்.

அடுத்து, கையில் இருக்கும் ரிமோட்டிலிருந்து ஏதாவது வெளியே வருகிறதா என்று சோதியுங்கள். இவை பெரும்பாலும் 940 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளி, கண்ணுக்குத் தெரியாது, ஆனால் போன் கேமராவில் ஊதாவாகவோ வெள்ளையாகவோ மின்னும். பின்பக்கக் கேமராவில் வடிகட்டி வலுவாக இருந்தால் தெரியாமல் போகலாம், முன்பக்கக் கேமராவைத் திறந்து பாருங்கள். பழைய சிடி ரிமோட்டில் சில பட்டன்களுக்கு மட்டும் மின்னவில்லை என்றால் ரப்பரின் அடியில் உள்ள கரிப்பூச்சு அழுக்கேறியோ தேய்ந்தோ போயிருக்கிறது. திறந்து ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் ரப்பரையும் போர்டையும் மெதுவாகத் துடைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். எந்தப் பட்டனுக்குமே மின்னவில்லை, பேட்டரி புதிது, ஸ்பிரிங்கில் பச்சை பூத்திருக்கவும் இல்லை, அதற்கு முன் ரிமோட் கீழே விழுந்திருக்கிறது என்றால், உள்ளே பெரும்பாலும் 455 கிலோஹெர்ட்ஸ் செராமிக் ரெசனேட்டர் என்று ஒரு குட்டிப் பாகம் இருக்கும், அதன் மேல்தான் சந்தேகம். விழுந்த அதிர்ச்சியில் விரிசல் விடும் பாகம் அது. அந்த 455-ஐ 12 ஆல் வகுத்தால்தான் பல ரிமோட்டுகள் அனுப்பும் சுமார் 38 கிலோஹெர்ட்ஸ் துடிப்பு கிடைக்கிறது, அது போனால் எல்லாமே போச்சு. சாலிடரிங் தெரிந்தவருக்குச் சில நிமிட வேலை. இந்தப் பழைய ரிமோட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அது ஒரே ஒரு தடவை ஒழுங்காக வேலை செய்தால் போதும். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

சரி, இப்போது விஷயத்துக்கு வருவோம். ரிமோட் சிக்னல் கம்பெனிப் பெயரைப் பார்த்துப் போவதில்லை, எந்த முறையில் பேசுகிறது என்பதுதான் முக்கியம். பிலிப்ஸ் கொண்டுவந்த ஆர்சி-5 முறை 36 கிலோஹெர்ட்ஸில் ஓடும், ஒரு கட்டளைக்கு 14 பிட். அதில் 5 பிட் எந்தக் கருவி என்று சொல்கிறது, 6 பிட் என்ன செய்ய வேண்டும் என்று சொல்கிறது. கருவி எண்கள் பொதுவாக வகுக்கப்பட்டவை: ஆம்புக்கு 16, டியூனருக்கு 17, சிடி பிளேயருக்கு 20. கட்டளை எண்களும் அப்படியே: ஆம்புக்குள் வால்யூம் ஏற்ற 16, இறக்க 17, மியூட் 13, ஸ்டாண்ட்பை 12; சிடி பிளேயருக்குள் பிளே 53, ஸ்டாப் 54. மராண்ட்ஸ் அந்த நாளில் பிலிப்ஸின் கையில் இருந்தது, அதனால் அதுவும் ஆர்சி-5 தான். ஆர்கம், கேம்பிரிட்ஜ் ஆடியோ போன்ற பிரிட்டிஷ் கம்பெனிகளும் இதே முறையை எடுத்துக்கொண்டார்கள். இதிலிருந்து உங்களுக்குக் கிடைக்கும் லாபம் பெரிது: மராண்ட்ஸ் என்ற தலைப்பில் உள்ள நம்பர்கள் வேலை செய்யாவிட்டால், பிலிப்ஸ், ஆர்கம் தலைப்புகளில் ஆம்ப் வகைக்குக் கொடுத்திருக்கும் நம்பர்களைப் போட்டுப் பாருங்கள். நண்பர் வீட்டு கேம்பிரிட்ஜ் ஆடியோ ரிமோட் உங்கள் ஆம்பின் வால்யூமைத் திருப்பினாலும் திருப்பும். இன்புட் மாற்றும் பட்டன்கள் மட்டும் அவரவர் இஷ்டத்துக்கு வைத்தவை, அவை ஒத்துப்போகும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

சோனி வேறு ஜாதி. 40 கிலோஹெர்ட்ஸ், 12, 15 அல்லது 20 பிட். அவர்கள் நல்ல ஒழுங்கு, ஆம்ப் என்றால் கருவி எண் 16, வால்யூம் 18, 19, மியூட் 20, பவர் 21 என்று வருடக்கணக்காக மாற்றாமல் வைத்திருந்தார்கள், அதனால் ஏதாவது ஒரு சோனி ஆம்ப் ரிமோட் கிடைத்தாலும் அடிப்படைப் பட்டன்கள் ஓடிவிட வாய்ப்பு அதிகம். யமஹா, ஆன்கியோ, பயனியர், என்ஏடி எல்லாம் என்இசி என்ற ஜப்பானியக் கம்பெனியின் முறை அல்லது அதன் உறவுக்கார முறைகள். முறை ஒன்றாக இருந்தாலும் ஒவ்வொரு கம்பெனிக்கும் முகவரி, அதாவது கருவி எண், தனி, எனவே அங்கே கடன் வாங்குவது நடக்காது. பேங் அண்ட் ஓலுஃப்சன் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை: அது 455 கிலோஹெர்ட்ஸில் பேசுகிறது, இன்னொரு ரிமோட்டைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும் சாதாரண லேர்னிங் ரிமோட்டுகளுக்கு அது எட்டாது. 'பேங் அண்ட் ஓலுஃப்சனுக்கும் ஆகும்' என்று வெளிப்படையாக எழுதியிருந்தால் தவிர வாங்காதீர்கள்.

தாளில் இருக்கும் நம்பரைப் போடும்போது பலர் சறுக்கும் இடம் பவர் பட்டன். நம்பரைப் போடுவது, பவரை அமுக்குவது, ஆம்ப் அணையவில்லை என்றால் அடுத்த நம்பர். ஆனால் பழைய ஆம்ப் பலவற்றில் பவர் சுவிட்ச் என்பது 'டக்' என்று உள்ளே போய் உட்காரும் முழு மெக்கானிக்கல் சுவிட்ச், ரிமோட்டால் அதை ஒன்றும் செய்ய முடியாது, அந்தக் கட்டளையே அதற்குக் கிடையாது. சரியான நம்பரையே போட்டிருப்பீர்கள், ஆம்ப் அசையவில்லை என்று தாண்டிப் போயிருப்பீர்கள். வால்யூம் இறக்கும் பட்டனை வைத்துச் சோதியுங்கள், சிடி பிளேயருக்கு பிளே. வால்யூம் ஏற்றும் பட்டனை வைத்துச் சோதிக்காதீர்கள், நம்பர் பொருந்திய நொடியில் ஸ்பீக்கர் அலறும்.

ஒன் ஃபார் ஆல் ரிமோட்டுகளிலும், அதே கம்பெனி வேறு பெயர்களில் செய்து கொடுக்கும் நான்கு இலக்க நம்பர் ரிமோட்டுகள் பலவற்றிலும் தானாகத் தேடும் வசதி உண்டு: கருவி பட்டனைத் தேர்ந்துவிட்டு, செட்டப் அல்லது மேஜிக் பட்டனை விளக்கு இரண்டு தரம் மினுக்கும் வரை பிடித்து, 9-9-1 அடித்து, பிறகு வேண்டிய பட்டனைத் திரும்பத் திரும்ப அமுக்கிக்கொண்டே போக வேண்டியதுதான். பொறுமை வேண்டும், நூற்றுக்கணக்கில் கூடப் போகலாம். ஏதாவது அசைந்தவுடன் நிறுத்தி செட்டப்பை அமுக்கி உறுதி செய்யுங்கள். ஆனால் ஒரு பட்டன் வேலை செய்துவிட்டது என்பதற்காக அதோடு திருப்திப்பட வேண்டாம். ஒரே கம்பெனிக்கு நாலைந்து தொகுப்புகள் இருக்கும், வால்யூம் எல்லாவற்றிலும் ஒன்றாகவும் டேப், ஃபோனோ, டியூனர் பட்டன்கள் வேறு வேறாகவும் இருக்கும். எந்தத் தொகுப்பில் அதிகப் பட்டன்கள் ஓடுகின்றனவோ அதை வைத்துக்கொண்டு, விடுபட்டதை லேர்னிங் மூலம் நிரப்புவதுதான் என் வழி.

லேர்னிங் என்றால் பழைய ரிமோட் அனுப்புவதைப் புதிய ரிமோட் பார்த்து அப்படியே மனப்பாடம் செய்துகொள்வது. பழைய ஸ்டீரியோவுக்கு ரிமோட் வாங்குகிறவர் இந்த வசதி இல்லாத எதையும் வாங்கக்கூடாது என்பேன், ஆயிரக்கணக்கான கம்பெனிகளுக்கு ஆகும் என்று அட்டையில் எவ்வளவு பெரிதாகப் போட்டிருந்தாலும் சரி. இரண்டு ரிமோட்டுகளையும் மேஜையில் படுக்கவைத்து, மூக்கும் மூக்கும் பார்க்கும்படி, இரண்டிலிருந்து ஐந்து சென்டிமீட்டர் இடைவெளியில், இரண்டின் எல்இடியும் ஒரே உயரத்தில் வருமாறு வையுங்கள். ஒன்று தடிமனாக இருந்தால் மற்றதன் அடியில் ஒரு நோட்டுப் புத்தகம். இரண்டிலும் புது பேட்டரி. நேர் வெயில் படும் ஜன்னலோரமும், சிஎஃப்எல் விளக்கின் அடியும் வேண்டாம், அவையும் அகச்சிவப்பைக் கொட்டும். பழைய ரிமோட்டை நீளமாக அமுக்கிப் பிடிப்பதா, லேசாகத் தட்டுவதா என்பது ரிமோட்டைப் பொறுத்தது, பெரும்பாலும் சுருக்கமான ஒரு அமுக்கல்தான் சுத்தமாகப் பதிகிறது. எல்லாப் பட்டனையும் வரிசையாகப் பதிந்துவிட்டுக் கடைசியில் சோதிக்க வேண்டாம், முதல் இரண்டு பட்டனைப் பதிந்ததும் ஆம்பின் முன்னால் போய் அமுக்கிப் பாருங்கள்.

அப்போது ஒரு விசித்திரம் நடக்கலாம். பதிந்த பட்டனை அமுக்குகிறீர்கள், சிடி பிளேயர் அடுத்த பாட்டுக்குப் போகிறது. மறுபடி அமுக்குகிறீர்கள், ஒன்றும் இல்லை. மறுபடி, மறுபடி, ஒன்றும் இல்லை. வேறு ஏதாவது பட்டனை அமுக்கிவிட்டு வந்தால் ஒரு தரம் வேலை செய்கிறது. ரிமோட் கெட்டுவிட்டது என்று திருப்பிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள், ஆனால் இது ஆர்சி-5 முறையின் குணம். அந்த 14 பிட்டில் ஒரு பிட்டுக்கு டாகிள் என்று பெயர், ஒவ்வொரு முறை பட்டனைப் புதிதாக அமுக்கும்போதும் அது 0, 1, 0, 1 என்று மாறும். பிடித்தே வைத்திருந்தால் மாறாது. 1 என்ற பட்டனை இரண்டு தரம் அமுக்கினால் பதினோராவது பாட்டா, அல்லது ஒரே தரம் கொஞ்ச நேரம் பிடித்திருக்கிறாரா என்பதை சிடி பிளேயர் அதை வைத்துத்தான் தெரிந்துகொள்கிறது. சாதாரண லேர்னிங் ரிமோட் பதிந்த நொடியில் இருந்த நிலையை அப்படியே படமெடுத்து வைத்துக்கொள்கிறது, எத்தனை தரம் அனுப்பினாலும் டாகிள் மாறுவதில்லை, பிளேயரோ 'இன்னும் விரலை எடுக்கவில்லை' என்று நினைத்துச் சும்மா இருக்கிறது. இதனால்தான் மராண்ட்ஸ், பிலிப்ஸ், ஆர்கம் வகையறாவுக்கு லேர்னிங்கை விட ரிமோட்டின் உள்ளேயே இருக்கும் கோட் நம்பர் மேல். அதில் டாகிள் ஒழுங்காக மாறும். வேறு வழியில்லை என்றால், பாட்டுத் தாவும் பட்டனையே இரண்டு தரம் அமுக்கி, ஒரு நிலையை ஒரு பட்டனிலும் மறு நிலையைப் பக்கத்துப் பட்டனிலும் பதிந்து, மாற்றி மாற்றி அமுக்கலாம். அழகான தீர்வு இல்லை, ஓடும்.

வால்யூமுக்கு வேறொரு தொல்லை. பழைய ஆம்பில் வால்யூம் குமிழைச் சின்ன மோட்டார் ஒன்று திருப்பும், குமிழின் விளிம்பில் இருக்கும் எல்இடி மெதுவாகச் சுற்றுவதைப் பார்க்கலாம். சிக்னல் வந்துகொண்டே இருக்கும் வரைதான் மோட்டார் ஓடும். என்இசி முறையில் பட்டனைப் பிடித்திருந்தால் முழுக் கட்டளையைத் திரும்ப அனுப்பாமல் சுமார் 108 மில்லிசெகண்டுக்கு ஒரு முறை 'அதேதான்' என்ற குட்டி சிக்னல் மட்டும் போகும். சில லேர்னிங் ரிமோட்டுகள் முதல் கட்டளையைப் பிடித்துக்கொண்டு இந்தக் குட்டியை விட்டுவிடும், அப்போது பட்டனை எவ்வளவு நேரம் பிடித்தாலும் குமிழ் ஒரு இம்மி நகர்ந்து நின்றுவிடும். இதற்கு மட்டும் பதியும்போது தட்டாமல் ஓரிரு நொடி அமுக்கிப் பிடித்துப் பதிந்து பாருங்கள்.

ஆம்பின் ரிமோட்டே தொலைந்துவிட்டதே, எதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும் என்று கேட்பீர்கள். அகச்சிவப்பு வசதி உள்ள போன் யாரிடமாவது இருந்தால் அதுவே வாத்தியார். ரிமோட் ஆப்பில் உங்கள் ஆம்புக்கு ஏதாவது பொருந்தினால், போனின் தலையை லேர்னிங் ரிமோட்டுக்குக் காட்டி ஒரே உட்காரலில் எல்லாவற்றையும் பதிந்துவிட்டு போனைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். ஆப்பில் இல்லாத மாடல்களுக்கு லிர்க் என்ற லினக்ஸ் திட்டத்தின் பொதுத் தொகுப்பில் பழைய ஆடியோ ரிமோட்டுகள் நிறைய உண்டு. இன்னொரு பக்கம், 0000 006டி என்று தொடங்கும் பதினாறடிமான எண் வரிசைகளாகக் கிடைப்பவை புரோன்டோ வடிவம், ரிமோட் சிக்னலை எண்களாக எழுதிவைக்கும் ஒரு முறை. அந்த இரண்டாவது எண் 38 கிலோஹெர்ட்ஸைக் குறிக்கிறது. ஆர்டுயினோ என்ற, நாமே புரோகிராம் எழுதி ஓட்டக்கூடிய சின்ன போர்டு, ஒரு அகச்சிவப்பு எல்இடி, ஐஆர்ரிமோட் என்ற இலவச லைப்ரரி இருந்தால், மேலே நான் எழுதிய ஆர்சி-5 எண்களைக் கொடுத்தே உங்கள் மராண்ட்ஸை அசைத்துப் பார்த்துவிடலாம்.

எந்த சிக்னலுக்கும் ஆம்ப் அசையவில்லை, பின்பக்கச் சுவிட்சும் சரி என்றால் சென்சாரே போயிருக்கலாம். மூன்று கால் கொண்ட சின்னப் பாகம், டிஎஸ்ஓபி வகையில் மாற்று கிடைக்கும், ஆனால் கால்களின் வரிசை மாடலுக்கு மாடல் மாறும், பார்க்காமல் சாலிடர் செய்தால் புதியதும் போகும். ஆர்சி-5 பெட்டிக்கு 36 கிலோஹெர்ட்ஸுக்கானதை வாங்குங்கள், 38 போட்டாலும் வேலை செய்யும், கேட்கும் தூரம் சற்றுக் குறையும். கரண்ட் உள்ள பெட்டியைத் திறக்கும் பழக்கம் இல்லாதவர்கள் இதை மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள், பெரிய கெப்பாசிட்டர்கள் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் மின்சாரத்தைப் பிடித்து வைத்திருக்கும்.

எழுபதுகளின் ரிசீவர் வைத்திருப்பவர்களுக்கு சென்சாரே இருக்காது, எந்த யுனிவர்சல் ரிமோட்டும் அதை நேரடியாக ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் அவற்றில் டேப் மானிட்டர் என்ற சுவிட்ச் இருக்கும். டேப் அவுட்டிலிருந்து ரிமோட் வசதியுள்ள சிறிய ப்ரீஆம்ப் ஒன்றுக்கு எடுத்து, அதிலிருந்து டேப் இன்னுக்குத் திரும்பக் கொடுத்து, சுவிட்சை டேப்பில் போட்டுவிட்டால் எல்லா இன்புட்டுக்கும் வால்யூம் ரிமோட்டுக்கு வந்துவிடும். ரிசீவரின் குமிழை நீங்கள் கேட்கும் அதிகபட்ச அளவில் விட்டுவிட்டு அப்புறம் தொடவே வேண்டாம். பவருக்கு ஸ்மார்ட் பிளக் போடலாம், ஆனால் பெரிய டிரான்ஸ்பார்மர் உள்ள பெட்டி ஆன் ஆகும் நொடியில் இழுக்கும் கரண்ட் அதிகம், தாராளமான ஆம்பியர் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்.

ஒரே பட்டனில் எல்லாவற்றையும் ஆன் செய்யும் மேக்ரோ ஆசை எல்லோருக்கும் வரும். ரிமோட்டால் ஆன் செய்ய முடிகிற பழைய பெட்டிகளிலும் பெரும்பாலும் ஆன், ஆஃப் இரண்டுக்கும் ஒரே கட்டளைதான், ஆம்ப் ஏற்கெனவே ஆனில் இருந்தால் மேக்ரோ அதை அணைத்துவிடும். போன சிக்னல் என்ன ஆயிற்று என்று ரிமோட்டுக்குத் தெரியாது. அதனால் ஆம்பின் பின்னால் 'சுவிட்ச்டு' என்று எழுதிய பிளக் பாயின்ட் இருந்தால் சிடி பிளேயரையும் டெக்கையும் அதில் செருகிவிடுங்கள், ஆம்ப் ஆன் ஆனால் அவையும் ஆன். மேக்ரோவில் ஆன் செய்வதை விட்டுவிட்டு இன்புட் மாற்றுவதும் பிளேயும் மட்டும் வையுங்கள், ஆம்பின் ரிலே 'டிக்' என்று விழச் சில நொடி ஆகும் என்பதால் நடுவில் இடைவெளியும் கொடுங்கள்.

ரிமோட் எது வாங்கலாம் என்றால், விரலால் தடவியே தெரிந்துகொள்ளும்படியான நிஜப் பட்டன்கள், லேர்னிங், பேட்டரி மாற்றினாலும் அழியாத நினைவகம், இந்த மூன்றும் போதும். லாஜிடெக் ஹார்மனி நல்ல சரக்குதான், ஆனால் 2021-இல் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள், செட்டப் அவர்கள் சர்வரை நம்பி இருப்பது. கையில் இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள், இப்போது தேடிப் போய் வாங்க வேண்டாம். வைஃபை வழியாக போனிலிருந்து அகச்சிவப்பு அனுப்பும் பெட்டிகளும் வேலை செய்யும், ஆனால் வால்யூம் குறைக்க போனை அன்லாக் செய்து ஆப்பைத் திறக்கும் வாழ்க்கை எனக்கு வேண்டாம்.

எல்லாம் ஓடத் தொடங்கியதும் ஒன் ஃபார் ஆல் வகையில் 9-9-3 கொடுத்து வால்யூம், மியூட் இரண்டையும் ஆம்புக்கே பூட்டிவிடுங்கள், சிடி பக்கத்தில் இருந்தாலும் டெக் பக்கத்தில் இருந்தாலும் அந்தப் பட்டன்கள் ஆம்பையே திருப்பும். 9-9-0 கொடுத்தால் எந்த நம்பர் பதிந்திருக்கிறது என்பதை விளக்கு மினுக்கிக் காட்டும், அதை எண்ணி ஒரு சீட்டில் எழுதி பேட்டரி மூடியின் உள்பக்கம் ஒட்டிவைத்துவிடுங்கள்.